எதை எடுத்து வைப்பது, எதை விடுவது?

அடுத்த கேள்வி செல்லூரிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. வாசிக்கிறேன்: "அக்கா, எதையும் வீணாக்கக் கூடாது என்று காலி பாட்டில், பார்சல் டப்பா, பால் கவர், பழைய சேலை எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறேன். பரண் நிறைந்துவிட்டது. 'பழைய பேப்பர் கடை வைக்கப் போகிறாயா' என்று வீட்டுக்காரர் கேட்கிறார். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?"

வீட்டுக்காரர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்றை எடுத்து வைக்கும்போதே அதற்கு என்ன வேலை என்று சொல்லத் தெரிய வேண்டும். 'எதற்காவது ஆகும்' என்று பரணில் ஏற்றியது, போகிக்கு வீட்டை ஒழிக்கும்போதுதான் கீழே இறங்கும்.

நிஜமான லாபம் பழைய துணியில் இருக்கிறது. ஆனால் பருத்தியாக இருக்க வேண்டும். சுங்குடிச் சேலை துவைத்துத் துவைத்து நைந்த பிறகுதான் கைக்கு மெத்தென்று வரும். நாலாக மடித்து ஓரம் தைத்தால் சட்டி இறக்கப் பிடிதுணி. கொஞ்சம் கிழிந்த பகுதி அடுப்பு மேடை துடைக்க. பாலியஸ்டர் சேலையை இதற்கு எடுக்காதீர்கள். தண்ணீரை உறிஞ்சாது, சூடான சட்டியைப் பிடித்தால் உருகிக் கையில் ஒட்டிவிடும். அதை கிரைண்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் உறையாகத் தைத்துப் போடலாம்.

அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை வத்தலுக்கென்றே வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலில் அதை நனைத்துப் பிழிந்து மொட்டை மாடியில் விரித்து, கூழைக் கரண்டியால் ஊற்றுவோம். காய்ந்ததும் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வத்தல் ஒவ்வொன்றாக உரிந்து வரும். மறுபடி ஒரு வெயில் காட்டி டின்னில் போட வேண்டியதுதான். பிளாஸ்டிக் ஷீட்டில் தண்ணீர் தெளிக்காமலே வந்துவிடும், வசதிதான். ஆனால் மதுரை வெயிலில் சுடும் ஷீட்டில் கூழை ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. ஒன்று, வேட்டி வெள்ளையாக இருக்கட்டும். சாயத் துணி வேண்டாம்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். தண்ணீர், கூல்டிரிங்ஸ் பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று பிளாஸ்டிக்கின் வகை எண் இருக்கும். அது சூடு தாங்காது. நானே ஒரு தடவை அவசரத்தில் சூடு ஆறாத ரசத்தை ஊற்றி, பாட்டில் சுருங்கிக் கோணலாகி நின்றது. ஊறுகாயும் எண்ணெயும் கண்ணாடி பாட்டிலில்தான். பார்சல் டப்பாவில் 5 என்று இருந்தால் கடுகு, சீரகம், பொத்தான் மாதிரிக் காய்ந்த சாமான் போட்டு வைக்கலாம். மூடி சரியாகப் பொருந்தும் டப்பா ஆறு போதும். பூச்சிமருந்து, ஆசிட் வந்த கேனை எவ்வளவு கழுவினாலும் தண்ணீருக்கு வைக்காதீர்கள்.

பாட்டிலில் பெயிண்ட் அடித்துப் பூச்சாடி செய்யும் வீடியோக்களை நிறையப் பேர் அனுப்புகிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயிண்டும் பசையும் கடையில் வாங்கித்தானே ஆக வேண்டும்? இது சிக்கனக் கணக்கில் வராது.

உடைந்த வாளியில் செடி வைப்பவர்கள் அடியில் ஓட்டை போடுங்கள். என் மாடியில் கறிவேப்பிலை வாளிக்குக் கீழே ஒரு பழைய தாம்பாளம் வைத்திருந்தேன். கொசு ஒழிப்புக்கு வந்த அம்மா அதில் டார்ச் அடித்துக் காட்டினார், புழு நெளிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் கொஞ்சத் தண்ணீர் போதும். முட்டை கொசுவாக ஒன்றரை வாரம் கூட ஆகாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்த பிறகும் பல மாதம் உயிரோடு இருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். நான் தாம்பாளத்தையே எடுத்துவிட்டேன். அரிசி கழுவிய தண்ணீர் அந்தச் செடிக்கே போகிறது. ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணீரில் உப்பு அதிகம், அது தரை துடைக்க.

கடைசியாகக் கவர். நம் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக்கைத் தார்ச்சாலைக்குப் பயன்படுத்தும் வழி கண்டுபிடித்தவர், 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். நறுக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் உருகிப் படியவிட்டு, அப்புறம் தார் கலப்பார்கள். அதனால் கவர் எல்லாமே உதவாத குப்பை இல்லை. ஆனால் சாம்பார் ஒட்டிய கவர் யாருக்கும் ஆகாது. அலசி, காயவைத்து, மக்காத குப்பையோடு தனியாகக் கொடுங்கள். பால் கவரைப் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு எடுப்பார்கள். கத்தரிக்கும்போது மூலையை முழுதாக வெட்டி எறியாதீர்கள், அந்தத் துண்டுதான் சாக்கடைக்குப் போகிறது. ஓரத்தில் கீறல் போட்டு, துண்டு கவரோடேயே தொங்கட்டும். எங்கள் வீட்டில் இதற்காகவே ஒரு கத்தரிக்கோல் பால் சட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது, வேறு யாரும் எடுக்கக் கூடாது என்ற கண்டிப்போடு.