மூச்சு வாங்க விடாத தாக்குதல்: ஒரு பயிற்சியாளர் அதை எப்படி உருவாக்குகிறார்?

[திரையில்: இரவு நேர மைதானம். மூலையில் 40 என்ற எண் ஒவ்வொன்றாகக் குறைகிறது.]

2013 செப்டம்பர் 9. வாஷிங்டன் அணியின் சொந்த மைதானத்தில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் விளையாடுகிறது. பயிற்சியாளர் சிப் கெல்லிக்கு அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில், அதாவது என்.எஃப்.எல்.லில், இது முதல் போட்டி. இந்த லீகில் ஓர் அணி முழுப் போட்டியிலும் சேர்த்து ஏறக்குறைய 60 முதல் 65 முறை பந்தை எடுத்து ஆடும். ஈகிள்ஸ் முதல் பாதியில் மட்டும் 53 முறை ஆடியது. ஆட்டம் 33-27 என்று அவர்கள் பக்கம் முடிந்தது.

அந்த வீரர்களின் கால்கள் மற்றவர்களுடையதைவிட வேகமானவை அல்ல. ஒரு முயற்சி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை உள்ள இடைவெளியைத்தான் கெல்லி சுருக்கினார். அதைச் சுருக்குவது எப்படி என்பதே இந்த வீடியோ.

[திரையில்: மைதானத்தின் வரைபடம், இரு பக்கமும் 11 புள்ளிகள்.]

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு சிறு முன்னுரை. தாக்கும் அணி 10 கெஜம் முன்னேற 4 வாய்ப்புகள் உண்டு. நடுவில் குனிந்து நிற்கும் சென்டர், பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் இருக்கும் குவார்ட்டர்பேக்கிடம் கொடுத்ததும் வாய்ப்பு தொடங்கும். சில வினாடிகளில் முடிந்துவிடும். முடிந்ததும் 40 வினாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அது தீர்வதற்குள் அடுத்த வாய்ப்பைத் தொடங்கியாக வேண்டும்.

வழக்கமான அணி அந்த 40 வினாடியில் வட்டமாகக் கூடும். குவார்ட்டர்பேக் திட்டத்தைச் சொல்வார், எல்லாரும் கேட்டுக்கொண்டு வரிசைக்குப் போவார்கள். இந்தக் கூடுகைதான் ஹடில். 1890-களில் வாஷிங்டனின் காலடெட் கல்லூரியில் ஆடிய காது கேளாத வீரர்கள், தங்கள் சைகைகளை எதிரணி படித்துவிடக் கூடாது என்று வட்டம் போட்டு நின்றதில் இது பிறந்தது என்பார்கள். இன்றைய வேக அணிகள் வட்டத்தைக் கைவிட்டுத் திறந்த வெளியில் சைகைக்கே திரும்பியிருக்கின்றன. இந்த விளையாட்டின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது.

ஹடில் இல்லாத ஆட்டம் கெல்லியின் கண்டுபிடிப்பு அல்ல. 1988-ல் பயிற்சியாளர் சாம் வைச்சின் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி அதை ஆடியது. பிறகு குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லியை வைத்து பஃபலோ பில்ஸ் தொடர்ந்து 4 சூப்பர் பவுல், அதாவது லீகின் இறுதிப் போட்டி, வரை போனது. நான்கிலும் தோற்றது வேறு கதை. சிப் கெல்லி இதை ஒரு முழு முறையாக வளர்த்தது ஆரகன் பல்கலைக்கழகத்தில். 2009 முதல் 2012 வரை தலைமைப் பயிற்சியாளராக 46 வெற்றி, 7 தோல்வி.

எதிரணிக்கு இதில் என்ன வலி? முதலில் ஆள் மாற்றம். தாக்கும் அணி ஆளை மாற்றினால், தற்காப்பு அணியும் மாற்றிக்கொள்ள நடுவர் நேரம் தர வேண்டும். தாக்கும் அணி அதே 11 பேரை வைத்துக்கொண்டால் அந்தச் சலுகை கிடையாது. முன்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களில் பலர் 130 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள். சில முயற்சிகளுக்கு ஒரு முறை உட்கார்ந்து மூச்சு வாங்கப் பழகியவர்கள். உட்கார முடியாமல் போனால் ஆறாவது, ஏழாவது முயற்சியில் அவர்கள் தோள் தானாகவே நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த தோளைத் தள்ளுவது எளிது. இரண்டாவதாக, களைப்பைவிடப் பெரிய வலி ஒன்று உண்டு. சிக்கலான தற்காப்புத் திட்டத்தை 11 பேருக்கும் சொல்ல நேரமே இருக்காது. எளிமையான ஒன்றிரண்டு அமைப்புகளோடு நிற்க வேண்டியதுதான்.

[திரையில்: பக்கவாட்டில் இருவர் பெரிய அட்டைகளை உயர்த்திப் பிடிக்கிறார்கள்.]

இனிப் பயிற்சியாளரின் வேலைக்கு வருவோம். முதல் வேலை, பேச்சைக் குறைப்பது. தொழில்முறை அணிகளில் ஒரு திட்டத்தின் பெயர் பத்துப் பன்னிரண்டு சொற்கள் நீளும்: யார் எங்கே நிற்பது, யார் நகர்வது, யாரைத் தடுப்பது, யார் எந்தப் பாதையில் ஓடுவது எல்லாம் அதற்குள் இருக்கும். வேக அணியில் இத்தனையும் ஒரே சொல்லுக்குள் அல்லது ஒரு கையசைவுக்குள் அடங்க வேண்டும். ஆரகன் அணி நான்கு படங்கள் கொண்ட அட்டைகளை உயர்த்திப் பிடித்தது. ஒரு பார்வையில் 11 பேருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

இரண்டாவது, திட்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. புதிய பயிற்சியாளர்கள் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். நாற்பது திட்டங்களை வேகமாக ஆட முடியாது. ஐந்தாறை ஆடலாம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முடிவைப் பொதிந்து வைத்தால்.

[திரையில்: மெதுவாக ஓடும் காட்சி. தற்காப்பு வரிசையின் ஓரத்து வீரரைச் சுற்றி மஞ்சள் வட்டம்.]

இதைப் பாருங்கள். கெல்லியின் அணிகள் அதிகம் நம்பிய ஓட்டத் திட்டம் இது. ஓரத்தில் நிற்கும் இந்தத் தற்காப்பு வீரரை யாரும் தடுக்கவில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரின் வயிற்றருகே நீட்டுகிறார், கண் மட்டும் அந்த ஒருவர் மேல். அவர் ஓட்டக்காரரை நோக்கி உள்ளே பாய்ந்தால், குவார்ட்டர்பேக் பந்தை இழுத்துக்கொண்டு அவர் காலி செய்த இடத்தில் ஓடுவார். அவர் அப்படியே நின்றால் பந்து ஓட்டக்காரரின் கைக்குப் போகும். ஆகவே வரிசையில் நின்றுகொண்டு எதிரணி எப்படி நிற்கிறது என்று அலசித் திட்டத்தை மாற்ற வேண்டிய அவசியமில்லை. முடிவு பந்து கிளம்பிய பிறகு எடுக்கப்படுகிறது. வேகத்துக்கு அடித்தளம் இதுதான்.

மூன்றாவது, பயிற்சி. போட்டியைவிடப் பயிற்சி வேகமாக இருக்க வேண்டும். ஆரகனில் பயிற்சி நேரம் முழுவதும் ஒலிபெருக்கியில் இசை அலறும். கத்திச் சொல்ல முடியாது என்பதால் சைகையைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். ஒருவர் தவறு செய்தால் ஆட்டத்தை நிறுத்திப் பாடம் நடத்தக் கூடாது. இது பயிற்சியாளருக்குத்தான் கடினம். கண்ணெதிரே தவறைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்க வேண்டும். திருத்தம் எல்லாம் பிறகு, வீடியோ அறையில்.

ஒரு சின்ன விஷயத்தில்தான் ஒரு பயிற்சியாளரின் அக்கறை எனக்குத் தெரியும். விசில் ஊதியதும் பந்தை வைத்திருப்பவர் என்ன செய்கிறார்? தரையில் போட்டுவிட்டு நடந்தால் அது உருண்டு போகும், யாராவது எடுத்து வர வேண்டும். அருகிலிருக்கும் நடுவரைத் தேடி அவர் கையில் கொடுத்தால் சில வினாடிகள் மிச்சம். நடுவர் பந்தை வைக்காமல் எவ்வளவு வேகமான அணியாலும் தொடங்க முடியாது. அதனால் பயிற்சியிலும் ஒருவரை நடுவராக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் அவரிடமே கொடுக்கச் சொல்வார்கள்.

[திரையில்: ஒரு வீரர் புல்தரையில் படுத்திருக்கிறார். மருத்துவக் குழு ஓடி வருகிறது.]

எதிர்ப்பும் வந்தது. சில அணிகள் வேகத்தை உடைக்க, அடிபட்டதுபோல் வீரரை விழச் செய்தன. கல்லூரிக் கால்பந்தில் 2025 முதல், பந்து வைக்கப்பட்ட பிறகு ஒருவர் விழுந்து மருத்துவர்கள் உள்ளே வந்தால், அந்த அணி தன் டைம்-அவுட்களில், அதாவது ஆட்டத்தைச் சற்று நிறுத்தக் கேட்கும் வாய்ப்புகளில், ஒன்றை இழக்கும். டைம்-அவுட் மிச்சமில்லை என்றால் 5 கெஜம் அபராதம். அதற்கு முன், 2014-ல், கடிகாரத்தின் முதல் 10 வினாடிக்குள் பந்தைத் தொடங்கக் கூடாது என்று ஒரு விதி முன்மொழியப்பட்டது. அலபாமா பல்கலைக்கழக அணியின் அன்றைய பயிற்சியாளர் நிக் சேபன் போன்றவர்கள் வீரர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆதரித்தார்கள். முன்மொழிவு கிடப்பில் போடப்பட்டது. பாதுகாப்புக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு பக்கத்தின் திறமைக்கு விதியால் கடிவாளம் போடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த முறைக்கு உண்மையான விலை வேறிடத்தில் இருக்கிறது. முதல் மூன்று முயற்சிகளும் வேகமாகத் தோற்றால், நான்காவதில் பெரும்பாலும் பந்தை எதிரணிக்கு உதைத்துவிடுவார்கள்; ஒரு நிமிடத்துக்குள் பந்து கைமாறும். உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த உங்கள் தற்காப்பு வீரர்கள் மறுபடி எழுந்து ஓட வேண்டும். 2010 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுல் என்ற கல்லூரிப் போட்டியில் ஓஹையோ ஸ்டேட் அணி 60 நிமிடத்தில் 41 நிமிடங்களுக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஆரகனை 26-17 என்று வீழ்த்தியது. ஈகிள்ஸிலும் முதல் இரண்டு ஆண்டுகள் 10 வெற்றி, 6 தோல்வி என்று நன்றாகவே போயின. மூன்றாவது ஆண்டு முடிவதற்குள் கெல்லி நீக்கப்பட்டார்.

ஆகவே பல பயிற்சியாளர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பந்து தங்கள் கைக்கு வந்ததும், தொடக்கத்தில் நிதானம். முதல் 10 கெஜம் கிடைத்த பிறகே வேகம். அப்போது எதிரணி பின்வாங்கி, ஆளை மாற்ற நினைத்துக்கொண்டிருக்கும். அதே 11 பேர், அதே அமைப்பு, உடனே பந்து. மூன்று நான்கு முயற்சிகள் இப்படிப் போன பிறகு, வரிசையில் நின்று தொடங்கப்போவதுபோல் பாவனை காட்டிவிட்டு, எல்லாரும் தலையைத் திருப்பிப் பக்கவாட்டைப் பார்ப்பார்கள். தற்காப்பு அணி தன் திட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டு நிற்கும். இப்போது கடிகாரத்தில் 20 வினாடி மிச்சம் இருக்கும். பயிற்சியாளர் ஆற அமர அதற்கேற்ற அட்டையைத் தேர்ந்தெடுப்பார்.