பழைய ஜாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கடை வைத்திருக்கும் டெய்லர் இல்லை. எனக்கும் என் பெண்ணுக்கும் அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்கும் வீட்டில் தைக்கிறவள், அவ்வளவுதான்.

"புதுசா தைக்க ஐடியா எங்கேருந்து அக்கா பிடிக்கிறீங்க?" என்று உள்ளே நுழையும்போதே ஒரு தங்கச்சி கேட்டாள். நானும் ராத்திரி 11 மணி வரைக்கும் போனில் கழுத்து டிசைனாகப் பார்த்துத் தள்ளியவள்தான். படம் சேர்ந்ததே தவிர ஒரு ஜாக்கெட்டும் முடிந்தபாடில்லை. அப்புறம் ஒருநாள், அக்குளில் கிழிந்துபோன அம்மாவின் பழைய ஜாக்கெட் ஒன்றை பிளேடு வைத்துப் பிரித்தேன். பக்கவாட்டில் இரண்டு தையல் ஓடியிருந்தது, உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி மடங்கிக் கிடந்தது. மூன்றாவது தையல் இருந்த இடத்தில் ஊசித்துளை வரிசை மட்டும்தான் மிச்சம். உடம்பு போட்டால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொள்ளட்டும் என்று அந்த டெய்லர் அன்றைக்கே கணக்குப் போட்டிருக்கிறார், அம்மாவும் ஒன்றைப் பிரித்திருக்கிறாள், அநேகமாகத் தம்பி பிறந்த பிறகு.

கழுத்துப் பட்டியைப் பிரித்தால் 45 டிகிரியில் சாய்த்து வெட்டிய கிராஸ் பீஸ். நேர் இழையில் வெட்டினால் பட்டி வளையாது, சுருக்கம் விழும். கிராஸ் இழுத்த இழுப்புக்கு வரும், அதனால்தான் வட்டக் கழுத்தில் படிந்து உட்காருகிறது. தையல் வகுப்பிலும் இதைச் சொன்னார்கள்தான், ஆனால் கையில் பிடித்து இழுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு மண்டையில் ஏறியது.

சரி, தைக்கும்போது நான் கைவிடாத பழக்கங்களுக்கு வருகிறேன். லைனிங்கை, அதாவது உள்ளே வைத்துத் தைக்கிற துணியை, நனைத்துக் காயவைக்காமல் வெட்டாதீர்கள். காட்டன் லைனிங் முதல் தண்ணீரிலேயே சுருங்கும், மேலே இருக்கிற பாலியஸ்டர் அப்படியே நிற்கும். அவசரத்தில் நனைக்காமல் நான் தைத்துக் கொடுத்தது ஒரே துவைப்பில் பொரித்த அப்பளம் மாதிரி திரும்பி வந்தது. சித்தி ஜாக்கெட், அதனால் பிழைத்தேன்.

ஊசி மழுங்கினால் தையல் விட்டு விட்டு விழும், நாம் மெஷினைத் திட்டுவோம். 8 மணிநேரம் ஓட்டியாச்சா, ஊசியை மாற்றுங்கள். சாதா காட்டனுக்கு 14-ஆம் நம்பர் ஊசி, ஜீன்ஸுக்கு 16, மெல்லிய துணிக்கு 11. மெஷினுக்கு எண்ணெய் விட்டதும் முதலில் வெட்டுத்துணியில் ஓட்டுங்கள், பட்டில் வேண்டாம்.

இன்னொன்று, எனக்கு ரொம்பக் கைகொடுத்தது. தைத்துவிட்டு எழுந்திருக்கும்போதே மறுநாள் வேலையை மெஷின்மேல் தயாராக வைத்துவிடுவேன், பாபினில் நூல் சுற்றி, ஜாக்கெட் கையைக் கைக்குழியோடு சேர்த்துக் குண்டூசி குத்தி. மறுநாள் குக்கர் வைத்தால் மூன்று விசில் வருவதற்குள் ஒரு கை ஏறிவிடும். மதியம் முழுக்கக் காலியாகட்டும் என்று காத்திருந்தால் தீபாவளியே வந்துவிடும்.

அந்த ஜாக்கெட்டைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள், அக்குள் பக்கம் மட்டும் மெதுவாகப் பிடியுங்கள்.