ஷாயோ பாலத்துல நின்ன இளவரசர் கோலோமன்

வணக்கம் மக்களே. 1241ல மங்கோலியர் ஹங்கேரிக்குள்ள புகுந்த கதைன்னாலே எல்லாரும் நாலாம் பேலா ராஜாவ பத்திதான் பேசுவாங்க, ஆனா அவரோட தம்பி கோலோமன் அன்னைக்கு என்ன செஞ்சாருன்னு கண்டிப்பா தெரிஞ்சிக்கணும், அதான் இந்த வீடியோ.

(மேப் வருது) கோலோமன் பொறந்தது 1208ல. அப்பா ராஜா இரண்டாம் ஆண்ட்ராஸ். 1214ல அப்பா ஆண்ட்ராஸ், போலந்து பிரபு லெஷெக் கூட ஒரு ஒப்பந்தம் போட்டாரு, லெஷெக் பொண்ணு சலோமியாவ கோலோமனுக்கு கட்டி வச்சு ரெண்டு பேரையும் ஹாலிச் சிம்மாசனத்துல உக்கார வைக்கறதுன்னு, அது இப்ப மேற்கு உக்ரைன் பக்கம். மாப்பிள்ளைக்கு ஆறு வயசு, பொண்ணு அத விட சின்னது! கிரீடமும் வச்சாச்சு. 1221ல மிஸ்திஸ்லாவ்னு ஒரு ருஸ் இளவரசர் (ருஸ்னா அந்த பக்கத்து பழைய கிழக்கு ஸ்லாவ் நாடு) ஊர புடிக்க, பிஞ்சு வயசுலயே ரெண்டு பேரும் கைதி. வெளிய வந்தாங்க, நாடு போச்சு, ராஜாங்கற பட்டம் மட்டும் மிச்சம்.

உண்மையா ஆண்டது 1226லேர்ந்து, ஸ்லவோனியாவ, அதாவது இன்னைய குரோஷியா பக்கம். 1231ல வுகோவர்ல குடியேறுனவங்களுக்கு, 1234ல விரோவிதிட்சாவுக்குன்னு உரிமை சாசனம் குடுத்தாரு.

இப்ப அந்த ராத்திரிக்கு வருவோம். 1241 ஏப்ரல் 10. மங்கோலியர்கிட்டேர்ந்து தப்பிச்சு வந்த ஒரு அடிமை, அவங்க ஷாயோ ஆத்துப் பாலத்த தாண்டப்போறாங்கன்னு சொல்றான். கோலோமனும் கலோச்சா பேராயர் உக்ரினும் உடனே படையோட கிளம்பி, பாலத்த தாண்டி வந்தவங்கள வெட்டி ஆத்துல தள்ளி, காவல் போட்டுட்டு திரும்புனாங்க. ஹங்கேரி படையோட பாளையமே நிம்மதியா தூங்கிடுச்சு. விடிஞ்சதும் மங்கோலியர் கவண் பொறி வச்சு கல்லா எறிஞ்சு காவல விரட்டிட்டாங்க. பாளையத்துல கூடாரமெல்லாம் நெருக்கி அடிச்சு கயிறு ஒண்ணோட ஒண்ணு பின்னி கெடக்கு, எழுந்து ஓடறவன் கயித்துல தடுக்கி விழறான், அந்த நெரிசல்லயும் கோலோமனும் உக்ரினும் மறுபடி வெளிய வந்து மோதுனாங்க. அத நெனச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

உக்ரின் அங்கயே செத்தாரு. கோலோமன் பலத்த காயத்தோட பெஸ்ட் ஊருக்கு வந்தாரு, பொண்டு புள்ளைங்கள டான்யூப் ஆத்துக்கு அக்கரை சேக்கற வரைக்கும் இருங்கன்னு ஊர்ஜனம் கெஞ்சுச்சு, அவரு நிக்கல. எனக்கு அவர ரொம்ப புடிக்கும், ஆனா இத மறைக்க முடியாது, கொஞ்ச நாள்லயே பெஸ்ட் அழிஞ்சுது.

ஸ்லவோனியா போய் சேந்தாரு, அந்த காயத்துலயே அதே வருஷம் போய்ட்டாரு, வயசு முப்பத்தி மூணு சொச்சம். சலோமியா போலந்துக்கே திரும்பி கன்னியாஸ்திரீயா 1268 வரைக்கும் இருந்தாங்க.