மதுரை டு சென்னை 420 கிலோமீட்டர்தான், டிக்கெட்டில் ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

வணக்கம். மதுரை ஏர்போர்ட்டுக்குச் சென்னை பக்கமா, கொழும்பு பக்கமா? கேட்டால் பலரும் சென்னை என்றுதான் சொல்வார்கள்.

[திரையில்: வரைபடம், மதுரையில் இருந்து இரண்டு கோடுகள்]

கோடு போட்டுப் பாருங்கள். மதுரை ஏர்போர்ட் இருக்கிற பெருங்குடியில் இருந்து சென்னை ஏர்போர்ட் இருக்கிற மீனம்பாக்கம் சுமார் 420 கிலோமீட்டர், கொழும்பு விமானம் இறங்குகிற கட்டுநாயக்கா சுமார் 350தான். நடுவில் கடலும் பாஸ்போர்ட்டும் இருப்பதால் நமக்குத் தூரமாகத் தெரிகிறது.

இந்த 420 என்பது நேர்கோட்டுத் தூரம். திருச்சி, விழுப்புரம் வழியாக ரோட்டில் போனால் 450ஐத் தாண்டும்.

சரி, ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகிறதே, அரை மணி நேரம் போதாதா? முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், டிக்கெட்டில் இருப்பது பறக்கிற நேரம் மட்டும் இல்லை. மதுரையில் நின்ற இடத்தை விட்டு விமானம் நகர்வதில் தொடங்கி, சென்னையில் போய் நிற்கிற வரைக்கும் உள்ள மொத்த நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, சென்னைக்கு மேலே நெரிசல் இருந்தால் வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

[திரையில்: விமானம் ஏறி இறங்கும் கோடு]

பெரிய காரணம் இந்தப் படத்தில் இருக்கிறது. 1,000 அடி இறங்க 3 நாட்டிக்கல் மைல் வேண்டும் என்பது விமானிகள் போடுகிற கணக்கு. ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கிலோமீட்டர், அப்படியானால் 36,000 அடியில் இருந்து இறங்க மட்டும் 200 கிலோமீட்டர் வேண்டும், ஏறுவதற்கும் நிறையத் தூரம் போய்விடும், மீதி வழியில் முழு வேகத்தில் போக எவ்வளவு மிஞ்சும் சொல்லுங்கள்! போதாததற்கு, 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதனால்தான் இறக்கையில் காற்றாடி சுழல்கிற ஏடிஆர் விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் வேகமே உள்ளது என்றாலும், இந்த மாதிரிக் குறுந்தூரத்தில் ஜெட்டைவிட ரொம்பப் பின்தங்குவதில்லை. எரிபொருளும் மிச்சம். அது வந்தால் தயங்காமல் ஏறுங்கள்.

அப்புறம் துபாய். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தூரம் சுமார் 2,950 கிலோமீட்டர், பயணம் ஏறத்தாழ 4 மணி நேரம். துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை 11:00க்குக் கிளம்பினால் டிக்கெட்டில் 1:30 என்று இருக்கும், இரண்டரை மணி நேரம்தானே என்று எண்ணி, சுகர் மாத்திரை போடுகிற அம்மாவைச் சாப்பாடு இல்லாமல் ஏற்றிவிடாதீர்கள். திரும்பும்போது இது தலைகீழ்: அங்கே மதியம் 2:30க்குக் கிளம்பினால் இங்கே இரவு 8:00 என்று காட்டும். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம், எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். கூப்பிட வண்டி எடுத்துப் போகிறவர்கள் அந்த 8:00 மணியை மட்டும் பாருங்கள், இமிகிரேஷன் முடித்து, பெட்டி எடுத்து வெளியே வர அதற்கு மேலும் நேரம் ஆகும்.