சாம்பாருக்கு ஒரு தூக்குவாளி

(கும்பகோணத்தில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, திருமண வரவேற்புக்குப் போகவேண்டிய அவசரத்திலும் மேடையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, கூடத்தை வாடகையின்றித் தந்த தலைமையாசிரியை அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் உணவக உரிமையாளர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். சரிகைப் பொன்னாடைக்குப் பதில் பருத்தித் துண்டு போர்த்தினீர்கள். குளித்துத் துவட்டவாவது ஆகும், தனி நன்றி.

வீட்டுப் பழக்கங்களால் சுற்றுச்சூழலைக் காப்பது குறித்துத் தண்ணீர், மின்சாரம், குப்பை என மூன்று தலைப்புகளில் பேசப் போகிறேன். மூன்றுக்கும் என் பாட்டி ஒரே பழமொழி வைத்திருந்தார்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

முதலில் தண்ணீர். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது. அன்று பதித்த குழாய் பல வீட்டுச் சுவர்களில் இன்னும் இருக்கிறது. அது போய்ச் சேரும் குழியைத் தூர்வாரியவர்கள் கை தூக்குங்கள். நான்கு கைகள். சரி. ஆர்.ஓ. இயந்திரம் குடிக்கத் தரும் நீரைவிடப் பெரும்பாலும் கழித்து வெளியே விடும் நீரே அதிகம். அந்தக் குழாயடியில் ஒரு வாளி வையுங்கள், தரை துடைக்க ஆகும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். நாமோ அளக்காமல் சாக்கடையில் விடுகிறோம்.

மின்சாரம் பிறகு. குப்பைக்கு வருகிறேன். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை. ஆனாலும் ஒருநாள் தூக்குவாளியும் டப்பாவுமாக ஓர் உணவகத்துக்குப் போய், “நான்கு இட்லி, சாம்பாரை இதிலேயே ஊற்றுங்கள்” என்றேன். பார்சல் கட்டும் தம்பி வாளியை மேலும் கீழும் பார்த்தார். “ஆஸ்பத்திரிக்கா ஐயா?” வீட்டுக்குத்தான் என்றேன். அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. சாம்பாரைக் கவரில் ஊற்றி, நூலைச் சுற்றி இறுக்கி, சட்னிக்கு இன்னொரு கவர் கட்டி, இரண்டையும் வாளிக்குள் பதமாக இறக்கி, மூடியும் போட்டு, “சிந்தாது, தைரியமாகக் கொண்டுபோங்கள்” என்றார்! (சிரிப்பு) பின்னால் நின்றவர் வேறு, “நல்ல யோசனையாக இருக்கிறதே” என்று பாராட்டினார். அவிழ்த்து ஊற்றச் சொன்னேன். ஊற்றிவிட்டு, கவரைக் குப்பைக்கூடையில் எறிந்தார். கல்லாவில் பார்சல் கட்டணம் ஐந்து ரூபாய் சேர்த்தார்கள். என் வாளிக்கு நானே கட்டிய வாடகை அது!

பாத்திரக் கடைகளுக்குப் பெயர்போன ஊர் இது. 2021-இல் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் காய்கறிக்குப் பையைத் திருப்பித் தந்தது. மஞ்சப்பையில் சாம்பார் வாங்க முடியுமா? எண்ணெயும் பருப்பும் ஒட்டிய கவரைப் பழைய சாமான் எடுப்பவரும் தொடமாட்டார். அதனால்தான் வீடுவீடாகப் போய் ‘பார்சலுக்குத் தூக்குவாளி கொண்டுபோங்கள்’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உணவகக்காரர்களின் குறையும் எனக்குத் தெரியும்: நான்கு இட்லிக்கு அண்டாவை நீட்டுகிறார்கள் என்பீர்கள். நியாயம்தான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. பார்சலுக்கு இத்தனை கரண்டி சாம்பார் என்று எழுதி மாட்டுங்கள். பாத்திரம் கொண்டுவருபவரிடம் பார்சல் கட்டணம் வாங்காதீர்கள். இந்த இரண்டையும் மனுவாக எழுதி வந்திருக்கிறேன். மாமன்ற உறுப்பினர் எழுந்துவிட்டார். ஐயா, ஒரு நிமிடம், முதல் கையெழுத்து உங்களுடையது. மின்சாரத்தை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம்.