பாட்டிமாரும் பள்ளிதான்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்தி என்னை நெகிழ வைத்த சிறப்பு விருந்தினர் அவர்களே, இந்த அரங்கை இலவசமாகத் தந்த சமூக மன்ற நிர்வாகக் குழுவினரே, வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த தமிழாசிரியர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். காலையிலிருந்து நாற்காலி போட்ட இளையர்களுக்குத் தனி நன்றி.

பூர்வகுடிப் பிள்ளைகளும் கல்வியும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். பள்ளிக்கூடம் மொழியைப் பறித்தது எப்படி, திருப்பித் தந்தது எப்படி, பாடநூல் எப்படி அமைய வேண்டும்.

நியூசிலாந்தில் 1867இல் ஒரு சட்டம் வந்தது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளின் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில்தான் பாடம். தாய்மொழி பேசி அடி வாங்கிய பிள்ளைகள் பெற்றோரானதும், நம் பிள்ளைக்கு இந்த அடி வேண்டாம் என்று வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். மொழி தாத்தா பாட்டியோடு நின்றுபோகும் நிலை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். மாவோரிகள் தொட்டிலில்தான் கை வைத்தார்கள். 1982இல் வெல்லிங்டன் அருகே வைனுயொமாட்டாவில் முதல் ‘கோஹங்கா ரெயோ’, அதாவது மொழிக்கூடு, தொடங்கியது. பள்ளி வயதுகூட ஆகாத குழந்தைகள், அவர்களோடு மொழி தெரிந்த பாட்டிமார். பாட்டு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் மாவோரியில். சில ஆண்டுகளில் அது நூற்றுக்கணக்கில் பெருகியது. அங்கே வளர்ந்த பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்குப் போய் மறந்துவிடுகிறதே என்று பெற்றோர் தவித்தபோது, 1985இல் ஆக்லாந்தில் மாவோரி வழித் தொடக்கப்பள்ளியும் பிறந்தது. 1987இல் மாவோரி ஆட்சிமொழி. ஹவாயிலும் 1984இல் இதே வழியில் பாலர் பள்ளி திறந்தார்கள்.

நம் கதை வேறு. நாம் இங்கே சிங்கப்பூருக்குக் குடியேறி வந்தவர்கள். இம்மண்ணின் பூர்வகுடிகள் மலாய்க்காரர்கள் என்று அரசமைப்பின் 152ஆம் பிரிவு சொல்கிறது. நம் மொழியை யாரும் தடுக்கவில்லை, நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். ஆனாலும் வீட்டில் என்ன பேசுகிறோம்?

எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி இருக்கிறார், ஊர் புதுக்கோட்டைப் பக்கம். பேத்தி தொடக்கநிலை மூன்று. தமிழில் நல்ல மதிப்பெண், பாட்டியிடம் மட்டும் ஆங்கிலம். ஒரு விடுமுறை நாளில் பேத்தி கீழ்த்தளத்தில் துணியில் தைத்த ஐந்து கல்லை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பாட்டி பார்த்தார். “இதெல்லாம் கல்லா?” என்று பூந்தொட்டியிலிருந்து கூழாங்கல் பொறுக்கி, சேலையைச் செருகி உட்கார்ந்துவிட்டார். ஒரு கல் மேலே போகிறது, அது இறங்குவதற்குள் நான்கும் கையில்! மலாய்ப் பையன் வந்தான், சீனச் சிறுமி வந்தாள். பாட்டிக்கு ஆங்கிலம் வராது. அப்புறம் யார் விதி சொல்வது? பேத்திதான். “பாட்டி, கல்லு கீழ விழுந்தா அவுட்டானு அவன் கேக்குறான்.” பாட்டி சொல்ல, இவள் அவர்களுக்குச் சொல்ல, மதியச் சோறு ஆறிப்போனது. மறுநாள் லிஃப்டிலிருந்தே ஒரு கூச்சல்: “பாட்டி, சீக்கிரம் வாங்க, எல்லாரும் காத்திருக்காங்க!”

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். அந்தப் பிள்ளைக்கு மூன்று வயதிலேயே இது கிடைத்திருக்க வேண்டும். பாடநூலைப் பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன், இன்று என் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு சமூக மன்றத்திலும் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஓர் அறை வேண்டும். பாலர் பருவப் பிள்ளைகள், பாட்டி தாத்தாக்கள், தமிழ் மட்டும். தேர்வு கிடையாது. முதியோருக்குப் போக்குவரத்துச் செலவைக் கொடுத்துவிட வேண்டும், அது கண்ணியம். பெற்றோரும் கூட உட்கார வேண்டும், பிள்ளையை விட்டுவிட்டுக் காப்பிக் கடைக்குப் போகக்கூடாது.

சிறப்பு விருந்தினர் அவர்கள் முதல் அறையை இந்த மன்றத்திலேயே ஒதுக்கித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வாசல் மேசையில் பெயர் கொடுக்கத் தாள் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் பேரைச் சொன்னால் போதும், அங்கே நிற்கும் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நன்றி, வணக்கம்.