விடை சரி, வழி சரியா?

ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

16/64 என்ற பின்னத்தைச் சுருக்கச் சொல்கிறோம். மாணவர் மேலே ஒரு 6, கீழே ஒரு 6 அடித்துவிட்டு 1/4 என்று எழுதுகிறார். விடை சரி, டிக் போட்டுவிடுகிறோம். அதை நம்பி அவர் 12/24-இல் 2-ஐ அடித்து 1/4 என்பார். அது 1/2 அல்லவா? மேலே ஒன்றாமிடத்தையும் கீழே பத்தாமிடத்தையும் அடித்துச் சரியாக வருகிற, 1-ஐவிடச் சிறிய ஈரிலக்கப் பின்னங்கள் நான்கே: 16/64, 19/95, 26/65, 49/98.

இது சிறு பிள்ளைகளின் பிழை, எளிதில் பிடிபடும். பத்தாம் வகுப்பில் வருவதுதான் ஆபத்து.

(x+4)(3−x) = 6 என்ற கணக்கைப் பாருங்கள். மாணவர் x+4 = 6 அல்லது 3−x = 6 என்று பிரித்து, x = 2, x = −3 என்கிறார். இரண்டுமே சரியான மூலங்கள்! சமன்பாட்டில் இட்டுப் பார்த்தாலும் பொருந்தும். ஆனால் பெருக்கல் பலன் பூச்சியமாக இருந்தால்தான் இப்படிப் பிரிக்கலாம். இங்கே ஏன் பலித்தது? இரண்டு காரணிகளின் கூடுதல் எப்போதும் 7. ஒன்று 6 ஆனால் மற்றது தானாக 1 ஆகிவிடுகிறது; 6×1 = 6. வலப்பக்கம் 10 என்று மாற்றுங்கள். அவர் வழியில் x = 6, −7 வரும்; உண்மையில் x = 1, −2.

இன்னொரு மாணவர் முறையாக விரித்து, x²+x−6 = 0 என்று கொண்டுவந்து, (x+3)(x−2) = 0 வரை சரியாகப் போய், கடைசி வரியில் குறி தவறி x = 3, −2 என்று எழுதிவிடுகிறார். ஐந்து மதிப்பெண்ணில் இவருக்கு நான்கு தருவேன். முன்னவருக்கு ஒன்றுகூடத் தர மனம் வராது. கண்டிப்பாகத் தோன்றலாம். ஆனால் இவருடைய பிழையை விடையைச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தாலே, அரை நிமிடத்தில், அவரே பிடித்துவிடுவார். முன்னவருடையதை எந்தச் சரிபார்ப்பும் பிடிக்காது.

விடை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. மருந்தின் அளவில் புள்ளி இடம் மாறினால் வழி சரியாக இருந்து என்ன பயன்? அதனால்தான் இட்டுப் பார்ப்பதையும் ஒரு படியாகக் கேட்டு, அதற்கும் ஸ்டெப் மார்க் கொடுக்க வேண்டும்.

முன்னவரின் தாளில் வெறும் தப்புக்குறி போடாதீர்கள். சரியான விடைக்கு ஏன் மதிப்பெண் இல்லை என்று குழம்புவார். பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: “6-ஐ 10 ஆக்கி, இதே வழியில் போட்டுப் பார்.”